மகரம் ஆடா, மீனா?

என் மகள் ஜனவரி 3-ஆம் தேதி பிறந்தவள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவள் படிக்கும் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ராசிக்குத் தன் வீட்டு மொழியில் என்ன பெயர் என்று கேட்டு எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வரைந்து வர வேண்டும். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு மொழி பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டப் போகிறார்களாம்.

"அப்பா, ஷ்டைன்பொக்குக்குத் தமிழ்ல என்ன?"

"மகரம்."

"மகரம்னா 'ம' எழுத்து இல்லையா? தமிழ்ப் பள்ளி டீச்சர் அப்படித்தானே சொன்னாங்க?"

"அதுவும் மகரம்தான். இது வேற. ஊர்க் கோயில்ல பார்த்திருக்கியே, சாமி சிலைக்கு மேல வளைவா இருக்கும். முதலை மாதிரி வாய், யானை மாதிரி தும்பிக்கை, மீன் மாதிரி வால்."

"ஷ்டைன்பொக் ஆடுப்பா. மலையில ஏறுற ஆடு. நீங்க சொல்றது தண்ணியில இருக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணு இல்லையே?"

ஒரு நிறுவனத்தின் தரவுகளைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். இங்கே இருக்கும் ஒரு பெயர் அங்கே எந்தப் பெயராகிறது என்று பட்டியல் போடுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பட்டியலில் ஒரு பக்கம் ஆடும் மறுபக்கம் முதலையும் இருந்தால், ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்று தேடத் தோன்றியது.

தேடுவதற்கு முன் அம்மாவுக்குத் தொலைபேசினேன். பேத்தியின் ஜாதகத்தைத் தஞ்சாவூரில் எழுதி வாங்கி வைத்திருப்பவர் அவர். "அவ மகர ராசிதான், சந்தேகம் என்ன? ஆட்டுக்கும் மகரத்துக்கும் என்னடா சம்பந்தம்? ஆடுன்னா மேஷம்" என்றார். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் வேறொரு பக்கம் பிடித்துக்கொண்டார். "மகரம் வடசொல். சுறவம்னு எழுதச் சொல்லு. அந்நிய நாட்டுல, பள்ளிக்கூடச் சுவத்துல தமிழ்னு ஒண்ணு எழுதறப்ப அது தமிழா இருக்க வேண்டாமா?" அதே வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பன்னிரண்டு ராசிகளையும் உலகுக்குக் கொடுத்தவர்கள் நாமே என்று யாரோ எழுதிய செய்தி ஒன்றும் வந்து விழுந்தது.

பிள்ளை கேட்டது ஒரு சொல். அதற்குள் மூன்று பேர் மூன்று விதமாக உரிமை கொண்டாடிவிட்டார்கள்.

*

ஜெர்மன் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஷ்டைன் என்றால் கல், பொக் என்றால் கடா. ஆல்ப்ஸ் பாறைகளில், பின்னோக்கி வளைந்த பெரிய கொம்புகளோடு திரியும் காட்டாடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு உறவு சொல்லக்கூடிய விலங்கு வரையாடு. சங்க இலக்கியம் அதை வருடை என்கிறது. ஆகவே ஷ்டைன்பொக்கைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வருடை என்று வரும்.

அங்கேதான் சிக்கல். பரிபாடலின் 11-ஆம் பாடல், நல்லந்துவனார் பாடியது, வையையில் வெள்ளம் பெருகிய நாளில் கோள்கள் எந்தெந்த வீட்டில் நின்றன என்று விரிவாகச் சொல்கிறது. அதில் வருடை என்று குறிக்கப்படுவது மேஷ ராசி. அதே பாடலில் வில்லுக்கு, அதாவது தனுசுக்கு, அடுத்த வீடாக மகரம் தன் பெயராலேயே வருகிறது. அகராதியை நம்பி மலையாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் மூன்று வீடு தாண்டிப் போய் இறங்கிவிடுவோம். அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது: நம் வானத்தில் ஆடு ஏற்கெனவே வேறு இடத்தில் குடியிருக்கிறது.

அப்படியென்றால் ஜெர்மானியருக்கு இந்த ஆடு எங்கிருந்து வந்தது? லத்தீனிலிருந்து. காப்ரிகார்னுஸ் என்பதில் காப்பர் என்றால் வெள்ளாட்டுக் கடா, கார்னு என்றால் கொம்பு. லத்தீன் அதை கிரேக்கத்திலிருந்து எடுத்தது. கிரேக்கத்தில் அய்கோகெரோஸ், ஆட்டுக்கொம்பன். கிரேக்கருக்கு முன்னால்?

சென்ற இலையுதிர் கால விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு பாரீஸ் போனோம். லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவைப் பார்க்க நின்ற கூட்டத்தை விட்டுவிட்டு மெசொப்பொத்தேமியப் பகுதிக்குப் போனால், மெலி-ஷிபாக் என்ற பாபிலோனிய அரசனின் கல் ஒன்று இருக்கிறது. கி.மு. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசன் தன் மகனுக்கு நிலம் கொடுத்ததைப் பதிந்த கல். நம் ஊர் நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். நம் கல்லில் சூரியனும் சந்திரனும் உள்ளவரை என்று வரும். கொடையை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் வரும். அங்கேயும் சூரியன், சந்திரன், வெள்ளி மேலே. கீழே வரிசை வரிசையாகத் தெய்வங்களின் சின்னங்கள். கொடையை மீறுபவனைத் தண்டிக்கச் சாட்சியாக நிற்பவை அவை.

அந்த வரிசையில் ஒரு விலங்கு இருக்கிறது. முன்பாதி ஆடு, கொம்பும் முன்னங்கால்களும் உண்டு. பின்பாதி மீன், செதிலும் வாலும் உண்டு. ஆட்டுத்தலை பொறித்த ஒரு கோலும் அதனோடு இருக்கிறது. ஏயா என்ற தெய்வத்தின் சின்னம் இது. சுமேரியர் என்கி என்று அழைத்த அதே தெய்வம்; நிலத்தடி நன்னீருக்கும் அறிவுக்கும் உரியவர்.

மகள் கண்ணாடி அருகே போய் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டும் இருக்கு."

சுமேரிய மொழியில் இதன் பெயர் சுகுர்-மாஷ். சுகுர் என்பது கெண்டை இன மீன் ஒன்று. மாஷ் என்றால் ஆடு. மீனாடு. அக்காதிய மொழியில் சுகுர்மாஷு ஆயிற்று. முல்-அப்பின் எனப்படும் பாபிலோனிய விண்மீன் பட்டியல், நிலவு செல்லும் பாதையில் உள்ள உருவங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. அந்தப் பாதையைத் தலைக்கு 30 பாகையாகப் பன்னிரண்டு சம வீடுகளாகப் பிரித்ததும் பாபிலோனியர்களே. அது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நடந்தது. நம் நாட்டின் பழைய வானம் அசுவினி, பரணி என்று செல்லும் நாள்மீன்களின் வானம். பன்னிரண்டு வீடு அதன் மேல் பிறகு வந்து பொருந்தியது. வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

*

கிரேக்கர் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரில் மீனை விட்டுவிட்டார்கள். ஆட்டுக்கு ஏன் மீன் வால் என்று பின்னால் வந்தவர்கள் கேட்டிருப்பார்கள்போல. அதற்கு ஒரு கதை உண்டு: டைஃபோன் என்ற பூதத்துக்கு அஞ்சித் தேவர்கள் விலங்கு வடிவெடுத்து எகிப்துக்கு ஓடினார்கள், ஆட்டுக்கால் தெய்வமான பான் ஆற்றில் குதித்தார், நீருக்குள் இருந்த பாதி மீனாயிற்று. பெயரில் தொலைந்ததைக் கதையில் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

ரோமானியரிடம் வந்தபோது இந்த விலங்கு அரசு முத்திரை ஆனது. அகஸ்டஸ் பேரரசர் தான் பிறந்த ராசி என்று சொல்லி மகரத்தை வெள்ளிக் காசில் பொறித்தார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். அந்தக் காசுகள் இன்றும் இருக்கின்றன. ஆட்டுத் தலையும் மீன் வாலும் தெளிவாகத் தெரியும். ஆனால் அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பர் 23. சூரியன் அப்போது மகரத்தின் பக்கமே இல்லை. அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று, அவர் பிறந்தபோது நிலவு மகரத்தில் இருந்தது என்பது. இதை அம்மாவிடம் சொன்னேன். "பின்ன? சந்திரன் நிக்கிற இடம்தானே ராசி?" என்றார். ரோமப் பேரரசர் விஷயத்தில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்தில் மைன்ஸ் நகரம். ரோமானியர் காலத்தில் அங்கே முகாமிட்டிருந்த 22-ஆம் லெஜியன் படையின் சின்னமும் மகரம்தான். ஷ்டைன்பொக் என்ற ஜெர்மன் சொல் இந்த ராசிக்கு வந்து ஒட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ரைன் நதிக் கரையில் இந்த மீன்வால் ஆடு வந்து நின்றுவிட்டது. பின்னால் ஜெர்மன் அந்தக் கொம்புக்குத் தன் மலையில் தெரிந்த ஆட்டின் பெயரை வைத்தது. மீன் அங்கே முழுவதுமாகக் கரையேறிவிட்டது.

*

கிழக்கே வந்த பாதை வேறு. கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்கச் சோதிடம் சமஸ்கிருதத்துக்கு வந்து சேர்ந்தது. யவன ஜாதகம் என்று அந்த நூலுக்கே பெயர். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் ஜாதகத்தில் ராசிகளுக்கு ஒரு பெயர் வரிசை வருகிறது: கிரிய, தாவுரி, ஜிதும என்று தொடங்கும். கிரேக்கத்தில் மேஷம் கிரியோஸ், ரிஷபம் தவ்ரோஸ், மிதுனம் திதுமோய். பத்தாவது பெயர் ஆகோகேர. அய்கோகெரோஸ் என்ற ஆட்டுக்கொம்பன் சமஸ்கிருத வேடத்தில் நிற்கிறான்.

இந்தச் சொற்கள் நிலைக்கவில்லை. ஆனால் வேறு சில தங்கிவிட்டன. ஜாதகம் பார்ப்பவர் சொல்லும் கேந்திரம், கிரேக்கத்தின் கென்ட்ரோன். ஓரை என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிறோமே, அது ஹோரா. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ஹவர் என்ற சொல்லும் அதே கிரேக்க வேரில் வந்தது.

ஆகோகேர ஏன் மகரம் ஆயிற்று? நான் தேடிய முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவர் பெயர் தெரிய வழியில்லை. ஆனால் எப்படி எடுத்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் முன்னால் ஒரு சொல்லும் ஒரு படமும் இருந்திருக்கும். சொல் ஆட்டுக்கொம்பு என்கிறது. படத்தில் விலங்கு நீரில் முடிகிறது. முன்னால் நிலம், பின்னால் நீர் என்ற கலப்பு விலங்கு இந்தியாவில் புதிதல்ல. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு பார்ஹுத் சிற்பங்களிலேயே மகரம் இருக்கிறது. கங்கையின் வாகனம் அது, வருணனின் வாகனமும் அது, காமன் கொடியில் இருப்பதும் அது. அவர் சொல்லை விட்டுவிட்டுப் படத்தை மொழிபெயர்த்தார். என் வேலையில் ஒரு இளைஞர் இப்படிச் செய்தால் நான் பாராட்டுவேன். வருடையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களே அதிகம்.

ஆட்டை அவர்கள் முழுவதும் தொலைத்துவிடவும் இல்லை. அதே வராகமிகிரர் ராசிகளின் உருவத்தைச் சொல்லும்போது, மகரம் மான் முகம் கொண்டது என்கிறார். சமஸ்கிருதச் சோதிடத்தில் இந்த ராசிக்கு மிருகம், அதாவது மான், என்ற பெயரும் வழங்குகிறது. கொம்புள்ள தலை, ஆட்டிலிருந்து மானுக்கு மாறி, முதலை வாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "கலைன்னு ஒரு பேர் உண்டு" என்றார். எனக்குத் தெரியாது. தமிழ் அகராதி மரபில் மகர ராசிக்குச் சுறவம் மட்டும் பெயரல்ல. மான், கலை என்பவையும் உண்டு. கலை என்றால் ஆண்மான். அதே கலை என்ற சொல்லுக்குச் சுறாமீன் என்றும் ஒரு பொருள் சொல்கிறார்கள். லூவரில் என் மகள் கண்ணாடி வழியே பார்த்த கொம்பும் வாலும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன!

சுறவம் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தனித்தமிழ் நாட்காட்டிகளில் தை மாதத்துக்குச் சுறவம் என்று பெயர் போடுகிறார்கள். நம் கடற்கரைக்குச் சுறா வெறும் மீன் அல்ல. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கோட்டை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபடுகிறார்கள். கோடு என்றால் கொம்பு. ஆட்டுக்கொம்பனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீரில் வாழும், அச்சமும் வணக்கமும் சேர்ந்து எழுப்பும் ஒரு பேருயிர் என்றதும் தமிழுக்கு முதலையை விடச் சுறாவே முதலில் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. மகரம் என்ற சொல்லிலிருந்து பிறந்த மகர் என்பது இந்திக்காரர்களுக்கு முதலை. ஆங்கிலத்தில் நம் ஆற்று முதலையை மக்கர் என்று அழைப்பதும் அதிலிருந்து வந்ததே. கங்கைக் கரைக்கு முதலை, காவிரிப்பூம்பட்டினத்துக்குச் சுறா.

ஆகவே பெரியப்பா சொன்ன சுறவம் நல்ல சொல்தான். ஆனால் மகரத்தை நீக்கினால் தூய்மையான ஒன்று மிஞ்சும் என்று அவர் நினைத்ததுதான் சரியில்லை. மகரமே ஒரு மொழிபெயர்ப்பு. சுறவம் அந்த மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கோபிப்பார் என்று நினைத்தேன். "இருக்கட்டுமே. வந்தவனுக்கு நம்ம வீட்டுச் சட்டையைக் கொடுத்தா அவன் நம்ம வீட்டுப் பிள்ளைதானே?" என்றார்.

*

இங்கிருந்து இன்னும் கிழக்கே போனவர்களும் உண்டு. பௌத்த நூல்களோடு மகரம் சீனாவுக்குப் போனது. சீனர்கள் பொருளை விட்டுவிட்டு ஒலியை வாங்கினார்கள்: மோஜியே. 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி, பிறர் பழிச்சொல்லால் தான் பட்ட பாட்டுக்குக் காரணம் சொல்லும்போது, தனக்கும் தனக்கு முந்தைய கவிஞர் ஹான் யூவுக்கும் இந்த மோஜியேதான் வாய்த்தது என்று எழுதிவைத்திருக்கிறார். இன்று அந்த ஜியே ஒலியை எழுதப் பயன்படும் சீன எழுத்துக்குத் தனியே ஒரு பொருள் உண்டு: காயடித்த ஆட்டுக்கடா. இரண்டாயிரம் ஆண்டு நீரில் கிடந்த ஆடு, சீன எழுத்தில் தலை காட்டுகிறது.

தாய்லாந்தில் ஜனவரி மாதத்துக்குப் பெயர் மகராகோம். 1889-இல் சூரிய நாட்காட்டிக்கு மாறியபோது இளவரசர் தேவவோங்சே ராசிப் பெயர்களிலிருந்து மாதப் பெயர்களை உருவாக்கினார். பாங்காக்கில் பேருந்துச் சீட்டில்கூட அந்தப் பெயர் இருக்கும். கேரளத்தில் நம் தை மாதம் மகரம்.

அரபியர் ஆட்டின் பக்கமே நின்றார்கள். அவர்களுக்கு இது அல்-ஜதீ, ஆட்டுக்குட்டி. வானியலில் இன்றும் இந்த உருவத்தின் ஒரு விண்மீனை தெனப் அல்கெடி என்கிறோம். குட்டியின் வால் என்று பொருள். ஆப்கானிஸ்தானின் சூரிய நாட்காட்டியில் டிசம்பர் கடைசியில் தொடங்கும் மாதத்துக்குப் பெயர் ஜதீ. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் காபூலில் பிறந்தவர். உணவு இடைவேளையில் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜதீ என்றதும் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். 1979 டிசம்பர் 27, அவர்கள் கணக்கில் ஜதீ 6. சோவியத் படைகள் காபூல் அரண்மனையைத் தாக்கிய நாள். "என் அம்மாவிடம் ஜதீ என்று சொன்னால் ஆடு நினைவுக்கு வராது, நட்சத்திரமும் நினைவுக்கு வராது. அந்த இரவு மட்டும்தான் வரும்" என்றார். அன்று எனக்கு மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

*

ஒரு கணக்கு மட்டும் மிச்சம். மகளைப் பள்ளியில் ஷ்டைன்பொக் என்கிறார்கள், அம்மா மகரம் என்கிறார். பெயர்கள் ஒரே வீட்டைக் குறித்தாலும் காரணங்கள் வேறு. ஜெர்மானியர் பார்ப்பது சூரியனை. அவர்கள் முறையில் சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் நாளில், டிசம்பர் 21 அல்லது 22-இல், மகரம் தொடங்கிவிடும். நம் பஞ்சாங்கத்தில் அது தொடங்குவது தைப் பொங்கலன்று. ஜனவரி 3 நமக்கு மார்கழி, சூரியன் தனுசில்தான். அம்மா மகரம் என்பது நிலவை வைத்து. அந்த நாளில் நிலவு அங்கே இருந்தது.

இரண்டு மகரத்துக்கும் இடையில் மூன்று வாரம் ஏன் என்றும் அவள் கேட்டாள். பூமியின் அச்சு பம்பரம்போல் மெதுவாகத் தலைசுற்றுகிறது. அதனால் சூரியன் திரும்பும் புள்ளி விண்மீன்களுக்கு இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. மேற்கத்தியர் பருவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் விண்மீன்களைப் பிடித்துக்கொண்டோம். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 பாகை விலகிவிட்டன. வரைபடத்தில் மகர ரேகை என்ற பெயர், சூரியன் மகர விண்மீன்களிடையே நின்று திரும்பிய அந்தக் காலத்தில் வைத்தது. பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அவள் கடைசியில் வரைந்தது லூவர் கல்லில் பார்த்த உருவம். கொம்புக்கு ஆல்ப்ஸ் ஆட்டின் வளைவு, வாலுக்கு ஊர்க் கோயில் மகரத்தின் சுருள். கீழே ஷ்டைன்பொக், மகரம், சுறவம், கலை என்று நான்கு பெயர்கள். இடம் போதாமல் சுகுர்-மாஷைப் பக்கவாட்டில் எழுதியிருந்தாள்.

படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். அம்மா குரல் செய்தி அனுப்பினார்: "கொம்பு நல்லாருக்கு. இது எந்தக் கோயில்ல இருக்கு?" பெரியப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"சுறவத்துக்கு வல்லின றகரம். பிள்ளை இடையின ரகரம் போட்டிருக்கு, திருத்தச் சொல்லு."

திருத்திவிட்டாள். சுவரில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.